எல்லைக் கல்லில் நின்ற மோட்டார் சைக்கிள்

பழனிமுத்து இறந்த செய்தி எங்களுக்கு இரண்டு தடவையாக வந்தது. முதல் தடவை வந்தபோது நாங்கள் சிரித்தோம்.

அன்று காலை பதுளையில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத் தொழிலாளர் சங்கக் காரியாலயத்தில் நானும் இன்னும் இரண்டு தோழர்களும் ஒழுகுகிற இடங்களுக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தோம். வெலிமடையிலிருந்து லீக்ஸ், கரட் என்று மரக்கறி ஏற்றி வரும் லொறிச் சாரதி ஒருவர் கீழே நின்று கூப்பிட்டார். நேர்ப் பாதையில் மண் சரிந்துவிட்டதால் பண்டாரவளை சுற்றி, தெமோதரை வழியாக வந்திருந்தார்.

“தம்பி, ஒங்க அண்ணன் எங்க?”

“விடியக்காலையிலேயே போயிட்டாரு. ஏன்?”

“வண்டி மட்டும் தெமோதரைக்கு அந்தாண்ட எல்லைக் கல்லுகிட்ட நனைஞ்சுக்கிட்டு நிக்குது. ஆளக் காணோம். யாரு வீட்லயோ கோழி அடிச்சிருக்காங்க போல. வண்டிய மறந்துட்டு உக்காந்துட்டாரு.”

“அவருக்குக் கோழியா? லயத்துல ரொட்டியும் சம்பலும் குடுத்தாலே பெரிசு” என்றேன். எல்லோரும் சிரித்தோம். லொறி போய்விட்டது.

இரண்டாவது தடவை செய்தி கொண்டுவந்தவர் மாடிப்படி ஏறி வந்தார். இடுப்பு வரை சேறு. கையில் மண்வெட்டி. அதைக் கீழே வைக்க மறந்து தெமோதரையிலிருந்து பஸ்ஸில் அப்படியே வந்திருக்கிறார்.

“அண்ணன எடுத்துட்டோங்க” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “எங்கேருந்து?”

“மண்ணுக்குள்ளேருந்து.”

வாளி நிரம்பித் தரையில் வழிந்துகொண்டிருந்தது. நான் கேட்ட கேள்வி இதுதான்: “வண்டி?”

“வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்க. கல்லுகிட்ட அப்படியே நிக்குது.”

அன்று செய்தி கேட்ட எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைத்தெருவில் கேட்டார்கள், பஸ் நிலையத்தில் கேட்டார்கள், ஆஸ்பத்திரி வாசலில் கேட்டார்கள். “கவுந்துட்டாரா?” என்று கேட்டார்கள். என்றைக்காவது அந்தப் பழைய பூதம் அவரைக் கொல்லும் என்று நாம் எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். அது ஒரு கீறலும் இல்லாமல் நிற்கிறது. அவர் இல்லை. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் என் மண்டைக்குள் இது சரியாக உட்காரவில்லை.

பழனிமுத்துவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூங்கிலோடைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். சங்கம் சேர்த்ததற்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். பிறகு சங்கத்தின் பிரதிநிதியாகி, பதுளைக்கு நாலு பக்கத்துத் தோட்டங்களுக்கும் நடையாய் நடந்தவர். மனைவி அஞ்சலை அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பதால் குடும்பம் லயத்தில் இருந்தது. முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இந்திய வம்சம் என்று சொல்லி, நமக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்று சட்டம் போட்ட பிறகு நம்மிடம் மிஞ்சியது இப்படிப்பட்ட சில ஆட்களின் கால்கள்தாம்.

அந்த மோட்டார் சைக்கிளை அவர் வாங்கிய கதை பலருக்குப் பாதிதான் தெரியும். மூங்கிலோடையின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பப் போகிறார் என்று ஆனது. பங்களாச் சாமான்களை விற்றார்கள். மேசை நாற்காலியைப் பதுளைக் கடைக்காரர்கள் கொண்டுபோனார்கள். மிஞ்சியது மோட்டார் சைக்கிள். யுத்த காலத்தில் பட்டாளத்தார் ஓட்டிய அமெரிக்க வண்டி. நீளமாய், தாழ்வாய், மாட்டுக்கொம்பு மாதிரி அகன்ற பிடியோடு, சாய்வு நாற்காலி போல ஸ்பிரிங் வைத்த தோல் இருக்கையோடு இருக்கும். காலை நீட்டி வைக்க இரண்டு பக்கமும் தகடு. ஓட்டுகிறவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவன் எங்கும் போகிற மாதிரித் தெரியாது, கச்சேரி கேட்கிற மாதிரித் தெரியும்.

ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தவர்களைவிடக் காதால் கேட்டவர்களே அதிகம். மூன்று மலைக்கு அப்பால் வரும்போதே அதன் சத்தம் வந்துவிடும். சீராக அடிக்காது. இரண்டு அடி, ஒரு மூச்சு, மறுபடி இரண்டு அடி. அது கேட்டதும் கொழுந்து எடுக்கிற விரல்கள் வேகமாகும். கங்காணி பீடியைத் தூக்கிப் போடுவார். ரோட்டில் நடப்பவர்கள் ஓரத்துக் கானுக்குள், அந்தத் தண்ணீர் ஓடும் பள்ளத்துக்குள், இறங்கி நிற்பார்கள். குடை மடங்கும். தலைத்துண்டு இறங்கும். மழைக்குப் போர்த்திய கம்பளியைக்கூடத் தலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். வண்டி கடந்து, சத்தம் தேய்ந்த பிறகுதான் ரோட்டுக்கு ஏறலாம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகள் நடக்கக் கற்கும்போதே கற்றுக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் கற்றேன்.

துரை யாரிடமும் பேரம் பேசவில்லை. தோட்டத் துரைமார் பேசும் தமிழில், “யாரு முதல்ல காசு கொண்டாறான், அவனுக்குக் குடுக்கிறான். மாசம் முடிஞ்சா நான் போறான்” என்று சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கு அதன்மேல் கண். ஒருவர் பழனிமுத்து. மற்றவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை.

கணக்கப்பிள்ளைக்குப் போக இடமே கிடையாது. அவருடைய வீடு மடுவத்துக்குப் பக்கத்தில். வேலை கண்ணெதிரே இருக்கும் மலையில். அவருக்கு எதற்கு மோட்டார் சைக்கிள்? கொழுந்து நிறுக்கிற அந்த மடுவத்தில் அவரே வாய்விட்டுச் சொன்னார்: “இனிமே இந்தச் சத்தம் நம்ம கையில. எவ எவ கான்ல எறங்குறான்னு பாக்கத்தானே போறேன்.” பெண்கள் குனிந்துகொண்டார்கள். காசு அவரிடம் தயாராக இருந்தது. ஆனால் அது ஆடி மாதம். ஆடியில் அவர் ஒரு பூட்டுச்சாவிகூட வாங்கமாட்டார். “ஆடி கழியட்டும்” என்று இருந்துவிட்டார். தோட்டத்தில் தன்னைத் தவிர அதை வாங்க யாருக்குத் துணிவு என்ற எண்ணம் வேறு.

பழனிமுத்து பதுளையிலிருந்து பியசேன பாஸைக் கூட்டிவந்து வண்டியைக் காட்டினார். பாஸ் சிங்களவர், பதுளையில் இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். சாரத்தை மடித்துக் கட்டி, மண்ணில் படுத்து, அடியிலிருந்து பார்த்தார். சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் ஒழுகும் இடத்தில் விரலை வைத்து முகர்ந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“எஞ்சின் நல்லம். மத்தது எல்லாம் வயசு. டயர் போனா இந்த ஊர்ல இல்ல, கொழும்புலயும் இல்ல. மழைக்கு உதைச்சா லேசா பிடிக்காது. விழுந்தா தூக்க மூணு பேர் வேணும்.”

“அப்ப வாங்க வேணாங்கிறீங்களா பாஸ்?”

“நான் வேணாம் சொல்லல்லே மாத்தயா. குதிரை வாங்கினா நீங்க அதுல ஏறுறது. இது வாங்கினா இது உங்க மேல ஏறுறது. அது தெரிஞ்சி வாங்குங்க.”

பழனிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். “ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

ஓட்டிப் பார்த்த அந்த நாளை என்னால் மறக்க முடியாது. பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். கியரைக் கையால் போட வேண்டும், கிளச்சைக் காலால் மிதிக்க வேண்டும். அவர் மாற்றி மாற்றிச் செய்ததில் வண்டி இரண்டு தடவை முட்டி நின்றது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. பங்களா ரோட்டில் இறங்கினோம். இருபது வருடமாகக் கானுக்குள் நின்று பார்த்த ரோட்டை முதல் தடவையாக நடுவிலிருந்து பார்த்தேன். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன்.

வளைவு திரும்பினோம். எதிரே கொழுந்துக் கூடைகளோடு ஒரு வரிசைப் பெண்கள். முகத்தைப் பார்ப்பதற்குள் சத்தத்தைக் கேட்டு இறங்கிவிட்டார்கள். வரிசை முழுவதும் கானுக்குள், கண் தரையில். கவ்வாத்துக்காரர் ஒருவர் தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பழனிமுத்து நிறுத்தினார். முதலில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

“அடி ஆத்தே! நம்ம பழனிமுத்துடீ!”

“நாசமாப் போறவனே, ஒனக்காடா நான் சேத்துல எறங்குனேன்?”

“தொரை, தொரை! எங்களுக்குப் பேர் போடுங்க தொரை, சம்பளத்த வெட்டிறாதீங்க!”

கானுக்குள்ளிருந்து அப்படி ஒரு சிரிப்பு கிளம்பியது. கேலி நிற்கவில்லை. ஒருத்தி அவருக்குச் சலாம் வைத்தாள். அவரும் சிரித்தார். அப்போதுதான் மூக்காயிக் கிழவியைப் பார்த்தோம். அவசரத்தில் இறங்கியதில் கால் புரண்டு, கானுக்குள் உட்கார்ந்திருந்தார். கூடை சாய்ந்து கொழுந்து தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. பழனிமுத்து இறங்கி ஓடி அவரைத் தூக்கப் போனபோது, “பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க” என்றார். வாய் பழக்கத்தில் அப்படி வந்துவிட்டது. தன் மடியில் தூக்கி வளர்த்த பையனை அவர் ‘வாங்க போங்க’ என்று பேசினார்.

பழனிமுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டே பங்களாவுக்குத் திரும்பினார். மேட்டில். நானும் தள்ளினேன். வியர்வை கொட்டியது. பாதி வழியில் சொன்னார்:

“இத நான் வாங்குனா கிழவி எனக்காக எறங்கும். நான் வாங்காட்டி அவனுக்காக எறங்கும். என்னடா செய்யிறது?”

“வாங்குங்கண்ணே. கொஞ்ச நாள்ல பழகிருவாங்க” என்றேன்.

“எதுக்குப் பழகிருவாங்க?”

அந்த வாரம் முழுவதும் அவர் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை.

முடிவு வேறொரு தோட்டத்தில் வந்தது. பசறைப் பக்கம் ஒரு குடும்பத்தை லயத்திலிருந்து வெளியேற்றப் போகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான். முதல் பஸ்ஸைப் பிடித்தோம். பஸ் அதன் இஷ்டத்துக்கு நின்று நின்று போனது. இறங்கி மலை ஏறி ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது கூரைத் தகரத்தைக் கழற்றி அடுக்கி வைத்திருந்தார்கள். சட்டி பானை தேயிலைச் செடிக்குள் கிடந்தது. குடும்பத்தை லொறியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டிருந்தார்கள். எங்கே என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை. பழனிமுத்து கூரையில்லாத அந்த அறைக்குள் போய் அடுப்பில் கை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்தது.

வெளியே வந்து சொன்னார்: “நாம எப்ப வந்து சேருவோம்னு அவனுங்களுக்குத் தெரியும்டா. பஸ் டைம் சொல்லிருது.”

அன்று மாலை மூங்கிலோடை லயத்தில், கணவனும் மனைவியும் பேசியபோது நான் அங்கிருந்தேன். அஞ்சலை அண்ணி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். கட்டியிருந்த பசுவைக் காட்டி, “அதைத்தான் விக்கணும்” என்றார் பழனிமுத்து.

“வித்துக்கங்க. பாலில்லாம சாக மாட்டோம்” என்றார் அண்ணி. “அந்தச் சத்தம் அந்தாளு கையில போகக் கூடாது. ஆனா ஒண்ணு. தோட்டத்துக்குள்ள வண்டி ஓடக் கூடாது. எந்தத் தோட்டமா இருந்தாலும் சரி. எல்லைக் கல்லோட நிறுத்திட்டு நடந்து போங்க. கிழவி கால நான்தான் ஒரு வாரமா எண்ணெ போட்டு நீவுறேன். இன்னொருத்தி கால நீவ என்னால முடியாது.”

“பத்து மைல் ஓட்டிக்கிட்டுப் போயி கடைசி மைல நடக்கணுமா?”

“ஆமா.”

“மழையா இருந்தா?”

“நனையிங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “கேட்டுக்கடா. துரைக்குக்கூட இப்படி ஒரு துரை இல்ல” என்றார். மறுநாள் பசு போனது, வண்டி வந்தது. ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. கணக்கப்பிள்ளை அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அந்த நிபந்தனையை அவர் ஒரு நாளும் மீறவில்லை. உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்! எல்லைக் கல் வந்ததும் எஞ்சினை நிறுத்துவார். பைக்குள்ளிருந்து தேயிலைப் பெட்டிப் பலகை ஒரு துண்டை எடுப்பார். ஈர மண்ணில் வண்டியின் கால் புதைந்து சாய்ந்துவிடும் என்பதால் அதன் அடியில் பலகையை வைத்து நிறுத்துவார். இருக்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடப்பார். தன் லயத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நாளில் தள்ளிக்கொண்டே போவார். மேட்டில் இளைஞர்கள் நாலு பேர் வந்து பிடிப்பார்கள். “அண்ணே, இத ஓட்டுறதவிட நாங்க தூக்கிக்கிட்டுப் போறதுதான் அதிகம்” என்று கேலி செய்வார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் அவர் சொன்ன வாசகம் இது: “சத்தத்துக்கு எறங்காதீங்க. ஆளப் பாத்துட்டு எறங்குங்க. ஆளப் பாத்தா ஒங்களுக்கே எறங்கத் தோணாது.”

இதனால் ஒரு கூத்தும் நடந்தது. எங்கள் தோட்டத்துக்கு, துரைக்கு அடுத்த அதிகாரியாகப் புதிதாக வந்த சின்னத்துரை ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். புது வண்டி, நல்ல சத்தம். அவர் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. பெரிய ரோட்டில் தூரத்தில் சத்தம் கேட்டால் பழனிமுத்து வருகிறார் என்று பெண்களுக்குப் பழகிப் போயிருந்தது. சின்னத்துரை வளைவில் வந்தபோது ஒருத்தியும் இறங்கவில்லை. ரோட்டில் நின்றபடியே, திரும்பிப் பார்க்காமல், “என்னண்ணே, இன்னைக்கு உள்ளயே ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க, அண்ணி பாத்தா தோல உரிச்சிரும்” என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். சின்னத்துரை பிரேக் பிடித்து, வழுக்கி, வண்டியோடு கானுக்குள் போனார். காயம் ஒன்றுமில்லை. அந்த வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் அன்று அரைப்பேர். அதாவது பாதி நாள் சம்பளம் வெட்டு.

பழனிமுத்து மறுநாள் தோட்டக் காரியாலயத்து வெளிவாசலில் நின்றார். உள்ளே விடமாட்டார்கள். ஜன்னல் வழியாகத்தான் பேச்சு.

“சத்தத்துக்கு மரியாதை குடுக்கலன்னு பேர வெட்டியிருக்கீங்க. எந்தச் சட்டத்துலங்க இருக்கு? எழுதிக் குடுங்க, நான் பதுளைக் கோர்ட்டுல வாசிக்கச் சொல்றேன்.”

எழுதித் தர யார் முன்வருவார்கள்? பேர் திரும்ப வந்தது. அன்று கொழுந்து மடுவத்தில் மூக்காயிக் கிழவி சிரித்ததைக் கண்டேன். பல் இல்லாத வாய் முழுவதும் சிரித்தார். “கான்ல எறங்க இப்ப எங்க முறை இல்லீங்க” என்று கணக்கப்பிள்ளை காதுபடச் சொன்னார்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். தெமோதரைக்கு அப்பால் உள்ள அந்தத் தோட்டத்தின் பெயரை எழுத எனக்கு ஆசை. வழக்குப் போடுவார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கும்பிடுகிறார். எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். அங்கே பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் போகிற ரோட்டுக்கு, மலைப் பக்கம் முழுவதும் கருங்கல் சுவர் கட்டியிருக்கிறார்கள். லயத்துக்குப் போவது ஒற்றையடிப் பாதை. மலையை வெட்டி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுவர் இல்லை. தோட்ட வாசலில் ‘வெளியார் உள்ளே வரக் கூடாது’ என்று மூன்று மொழியில் போர்டு. கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து அந்தப் பாதைக்கு மேலே மண்ணில் வெடிப்பு ஓடியிருப்பதாக லயத்து ஆட்கள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். “பார்க்கலாம்” என்று பதில்.

பழனிமுத்து அதைப் பார்க்கத்தான் போனார். பெரட்டுக்கு முன்னால், ஆட்கள் வேலைக்குக் கலைவதற்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று இருட்டோடு கிளம்பினார். எல்லைக் கல்லில் பலகையை வைத்து வண்டியை நிறுத்தினார். நடந்தார். வெடிப்பைப் பார்த்தார். தொழிற்சாலையில் காலியாக இருக்கும் மாடியில் குடும்பங்களைத் தங்க வைக்கக் கேட்போம் என்றார். ஒரு வீட்டில் வெறுந்தேநீர் குடித்தார். “சீனி இருந்தா போட்டிருப்பேன்” என்று அந்த வீட்டுப் பெண் சொன்னதற்கு, “நீங்க குடுத்ததே இனிக்குது, சீனிய மிச்சம் புடிங்க” என்றாராம். பிறகு திரும்பி அதே பாதையில் நடந்தார். மலை இறங்கியது.

அவர் யாரையும் காப்பாற்றவில்லை. தயவுசெய்து யாரும் அப்படி எழுதாதீர்கள், மேடையில் பேசாதீர்கள். லயம் இருந்த இடத்தில் இருக்கிறது. வேறு ஒரு கோழிக்குஞ்சும் சாகவில்லை. ஒரு மனிதர் பாதையில் நடந்தார், பாதை அவரை விழுங்கியது. அவ்வளவுதான் நடந்தது. சுவர் கட்டியிருந்தால் அதுவும் நடந்திருக்காது. ஆட்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். தோண்டிக்கொண்டிருக்கும்போது பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு அடித்தது. யாரும் போகவில்லை. பெரட்டுக்கு வராதவர்களுக்கு அன்று பேர் இல்லை என்று கங்காணி வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அவரும் ஒரு மண்வெட்டியை வாங்கித் தோண்டினார் என்கிறார்கள். அவருக்கும் அன்று பேர் இல்லை.

மூங்கிலோடையில் தேயிலைக்கு நடுவே அவரைப் புதைத்துவிட்டு வந்த மாலை, அஞ்சலை அண்ணி வாசலில் பசு கட்டியிருந்த முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேசவே மாட்டார் என்று நினைத்தேன்.

“நான்தானே தம்பி எறங்கி நடக்கச் சொன்னேன்” என்றார்.

நான் வேகமாகச் சொன்னேன்: “அண்ணி, அந்தத் தோட்டத்துல வண்டி உள்ளயே போக முடியாது. போர்டு போட்டிருக்கான். லயத்துக்கு வண்டிப் பாதையே இல்ல. நீங்க சொல்லாட்டியும் நடந்துதான் போயிருக்கணும்.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“போர்டு இல்லாட்டி? பாதை இருந்தா?”

அவரே பதிலும் சொன்னார்.

“அப்பவும் நடந்துதான் போயிருப்பாரு. நான் சொன்னா அப்படி. ஒனக்குத் தெரியாதா?” என்றார். பிறகு, “கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பியிருக்காரு, வண்டியக் கேட்டு. எழவு வீட்லயே கேக்குறாரு. நீ எடுத்துக்கிறியா?” என்றார்.

“யோசிச்சுச் சொல்றேண்ணி” என்றேன். உண்மையாகவே யோசித்தேன். அதன் கனம் எனக்கு அடங்காது. டயர் தேய்ந்துவிட்டது. பியசேன பாஸ் அன்று சொன்னதெல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது, வண்டிக்கு வயது மட்டும் கூடியிருக்கிறது. அதைவிட, அந்த இருக்கையில் உட்கார நான் யார் என்ற கேள்வி இருந்தது.

மறுநாள் தெமோதரைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. வண்டி எல்லைக் கல்லருகே, பலகைமேல் ஒரு விரல்கூடச் சாயாமல் நின்றது. இருக்கைப் பள்ளத்தில் தண்ணீர். யாரோ ஒரு செவ்வரத்தம்பூவைப் பிடியில் செருகியிருந்தார்கள். உதைத்தேன். பிடிக்கவில்லை. உதைத்து உதைத்துக் கால் மரத்தபோது பிடித்தது. இரண்டு அடி, ஒரு மூச்சு. எனக்கு அழுகை வந்த இடம் அதுதான். அதுவரை வரவில்லை.

பலகையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு மெதுவாக ஓட்டி வந்தேன். மூங்கிலோடை எல்லைக் கல்லில் நிறுத்தினேன். தள்ளத் தொடங்கினேன். ஆனால் பெரிய ரோட்டில் வந்த சத்தம் எனக்கு முன்பே மலைக்குள் போய்விட்டிருக்கிறது. வளைவைத் திரும்பினால், ரோடு நிறைய ஆட்கள். கொழுந்துக் கூடையோடு, மண்வெட்டியோடு, தலையில் கம்பளியோடு. முந்தின நாள் அவர்மேல் மண் போட்டவர்கள்தாம் எல்லோரும். கான் முழுக்கத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூக்காயிக் கிழவி முன்னால் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வெறும் ரோட்டைப் பார்த்தார்.

“பாட்டி” என்றேன்.

“புத்திக்குத் தெரியுது ராசா” என்றார். “காலு கேக்கல. சத்தம் வந்ததும் அதுபாட்டுக்கு எந்திரிச்சு வந்துருச்சு.”

கணக்கப்பிள்ளையும் வந்து நின்றார். அவரும் ரோட்டில்தான் நின்றார். தொண்டையைச் செருமி, தாழ்ந்த குரலில், “அஞ்சலப் புள்ள வண்டிய விக்குமாமா?” என்று கேட்டார்.

“வித்தாச்சுங்க.”

“யாருக்கு?”

“எனக்கு.”

அந்த நிமிடம் வரை நான் தீர்மானித்திருக்கவில்லை. கிழவி வண்டியின் பின்பக்கத்தில் கை வைத்தார். “தள்ளு” என்றார். இன்னும் நாலைந்து கைகள் வந்தன. மேடு ஏறினோம்.

பழனிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பலகைத் துண்டும், அண்ணி போட்ட நிபந்தனையும். வண்டி இன்னும் என்னுடையதாகத் தோன்றவில்லை. தெமோதரைத் தோட்டத்துப் பாதைக்குச் சுவர் இன்னும் இல்லை. வெடிப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போகிறேன். எனக்கு ஓட்டச் சரியாக வராது, மழையில் முதல் உதைக்குப் பிடிக்காது, எல்லைக் கல்லிலிருந்து நடந்துதான் வருவேன். சத்தம் கேட்டு நெடுநேரம் ஆகியும் ஆளைக் காணவில்லையென்றால், தோழர்களே, சிரித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பாதைக்கு வந்து பாருங்கள்.